மயிரிழையும் தூணும்

1818ல் இத்தாலியின் பார்மா நகரில் மார்கெரீத்தா தல் ஆலியோ என்ற பெண்மணி, ஐந்து வருஷங்களுக்கு முன் இறந்துபோன தன் கணவரின் புத்தகத்தை வெளியிட்டார். பெரிய அளவில் இரண்டு வால்யூம்கள். அச்சான பிரதிகள் முந்நூறுக்கும் குறைவு. ஆரம்பத்திலுள்ள முகவுரையைத் தாண்டிவிட்டால் அந்தப் புத்தகத்தில் வாசிப்பதற்கு என்று அநேகமாக ஒன்றுமில்லை. 142 ரோமன் எழுத்து வரிசைகள், அவற்றின் சாய்வெழுத்துகள், கிரேக்கம், ஹீப்ரு, ருஷ்யம், கோடுகள், பூ வேலைகள். ஒரு மனிதர் நாற்பது வருஷங்களுக்கு மேல் எஃகில் வெட்டி வெட்டிச் சேர்த்தவை சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் நிற்கின்றன. சொல்லும் சாதனம் மட்டும் இருக்கிறது. சொல்ல வந்த விஷயம் இல்லை. ஜாம்பத்தீஸ்தா போதோனியின் 'மானுவாலே திப்போகிராஃபீக்கோ' என்ற இந்த நூலை ஐரோப்பிய அச்சுக்கலையின் சிகரம் என்பவர்கள் உண்டு. அச்சுக்கலை தன் வேலையை மறந்துபோன இடம் இதுதான் என்பவர்களும் உண்டு. உருவம், உள்ளடக்கம் என்று பிரித்துக்கொண்டு நாம் கவிதையின் பேரில் போடும் சண்டையின் அதே ஜாடை இதற்கும் இருப்பதால், அச்சகத்தில் வேலை செய்யாதவர்களுக்கும் இந்த வழக்கில் அக்கறை இருக்க நியாயமுண்டு.

போதோனியின் எழுத்தைப் பார்த்திராதவர்கள் இல்லை. பெயர் தெரியாமலிருக்கலாம். ஃபாஷன் பத்திரிகைகளின் தலைப்பு, வாசனைத் திரவியப் புட்டிகள், நகைக்கடை விளம்பரம் என்று எங்கெல்லாம் விலை சொல்லாமலே விலை உணர்த்தப்பட வேண்டுமோ அங்கெல்லாம் இந்த எழுத்து அல்லது இதன் பங்காளி வந்து நிற்கிறது. லக்ஷணங்கள் எளிமையானவை. செங்குத்துக் கோடுகள் தூண்போல் தடித்திருக்கும். குறுக்குக் கோடுகள் மயிரிழையாக மெலிந்திருக்கும். தூணின் தலையிலும் காலிலும் இடப்படும் சிறு கோட்டைத்தான் செரீஃப் என்கிறார்கள். அதுவும் இங்கே ஒரு மயிரிழைதான். பழைய எழுத்துகளில் இந்தச் செரீஃப், மரக்கிளை அடிமரத்தில் சேர்வதுபோல வளைந்து வந்து சேரும். இங்கே அந்த வளைவு அநேகமாக இல்லை. தூண், அதன் மேல் ஒரு பலகை, அவ்வளவுதான். 'ஓ' என்ற எழுத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1470ல் வெனிஸில் ஜென்சன் வெட்டியதிலும், பதினாறாம் நூற்றாண்டில் பாரிஸில் காரமோன் வெட்டியதிலும் 'ஓ'வின் தடித்த பகுதிகள் சற்றே சாய்ந்திருக்கும். போதோனியிடம் அது நிமிர்ந்து விறைப்பாக நிற்கிறது; இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்று.

இந்தச் சாய்வு எங்கே போயிற்று என்பதுதான் விஷயம். தட்டையாகச் சீவிய முனையுள்ள இறகுப் பேனாவை வலது கை ஒரு கோணத்தில் பிடித்து எழுதும்போது கோடு தானாகவே ஒரு திசையில் தடித்தும் மறு திசையில் மெலிந்தும் விழும். ஜென்சனின் 'ஓ' சாய்ந்திருப்பதற்கு அந்தக் கைதான் காரணம். உலோகத்தில் வார்த்த பிறகும் கையின் ஞாபகம் அதில் மிஞ்சியிருந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பேனா மாறியது. கூர்முனையுள்ள, அழுத்தினால் பிளந்து விரியும் பேனா வந்தது. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தம், தடிப்பு; மேல்நோக்கிப் போகும்போது மயிரிழை. தடிமன் இப்போது பேனா பிடித்த கோணத்திலிருந்து வரவில்லை, விரலின் அழுத்தத்திலிருந்து வருகிறது. செப்புத் தகட்டில் கூரிய உளியால் எழுத்துச் செதுக்குகிறவர்கள் இதை இன்னும் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். (நமக்கு இந்தத் தடிப்பு-மெலிவு விவகாரமே அன்னியம். எழுத்தாணி ஓலையில் கீறும் கோடு எந்தத் திசையில் போனாலும் ஒரே கனம்தான். தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கு ஓலையைக் காரணம் சொல்பவர்கள் அதன் ஒரே சீரான கோட்டைப் பற்றி ஏனோ அதிகம் பேசுவதில்லை.)

பேனா மட்டும் காரணமல்ல; பின்னால் ஒரு ராஜாவும் இருக்கிறார். பதினான்காம் லூயியின் அச்சகத்துக்குப் புதிய எழுத்து வேண்டும் என்று 1692ல் பிரெஞ்சு விஞ்ஞான அகாதெமியைச் சேர்ந்த கமிட்டி ஒன்று உட்கார்ந்தது. கைப்பழக்கத்தை நம்பாமல் எழுத்தை ஜியோமிதியிலிருந்து வருவிப்பது என்று முடிவு. ஒவ்வொரு பெரிய எழுத்தும் 2304 சிறு கட்டங்களாகப் பிரித்த ஒரு சதுரத்துக்குள் வரையப்பட்டது. அந்த வரைபடங்களைச் சிமொன்னோ செப்புத் தகட்டில் செதுக்கினார். வாசிக்கும் அளவிலுள்ள எழுத்தில் 2304 கட்டங்களுக்கு அர்த்தமே இல்லை என்பது அதை எஃகில் வெட்ட வேண்டிய பிலிப் கிராஞானுக்குத் தெரிந்திருக்கும். அவர் தன் கண்ணை நம்பியே வெட்டினார். 1702ல் அரசரின் பதக்கங்களைப் பற்றிய பெரும் புத்தகத்தில் அந்த எழுத்து முதலில் வந்தது. 'அரசரின் ரோமன்' என்று பெயர். வேறு அச்சகங்கள் அதை உபயோகிக்கக்கூடாது. நிமிர்ந்த 'ஓ'வும் தட்டையான மெல்லிய செரீஃபும் இங்கேதான் பிறக்கின்றன. அதாவது, எழுத்திலிருந்து கையை விரட்டிய முதல் முயற்சி ஒரு சர்க்கார் கமிட்டியின் வேலை. கமிட்டிகள் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை என்ற நம் அபிப்பிராயத்துக்கு இது ஒரு விதிவிலக்கு.

ஆனால் மயிரிழையை வெட்டினால் போதாது, அது தாளில் விழ வேண்டும். கையால் செய்த அக்காலத் தாளில் சல்லடைக் கம்பிகளின் வரித்தழும்பு இருக்கும். மெல்லிய கோடு அந்த மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்து உடைந்துபோகும். இதற்கு வழி கண்டவர் பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில். எழுத்துப் பயிற்சி ஆசிரியராக இருந்து, தகரத் தட்டுகளுக்கு அரக்கு மெருகு பூசும் தொழிலில் பணம் சேர்த்துவிட்டு, அந்தப் பணத்தை அச்சில் கரைத்தவர். வாட்மன் ஆலையின் வரியில்லாத வழவழப்பான தாள், மற்றவர்களுடையதைவிடக் கறுத்த மை, அச்சிட்டபின் தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கிடையே வைத்து அழுத்துவது என்று எல்லாவற்றையும் தானே ஏற்பாடு செய்துகொண்டார். 1757ல் அவருடைய வர்ஜில் வந்தது. கண்ணைக் குருடாக்கும் எழுத்து என்று லண்டனில் பேச்சு. அப்போது அங்கிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், அவரே ஒரு அச்சுத் தொழிலாளி, ஒரு விளையாட்டு விளையாடினார். பாஸ்கர்வில் எழுத்தால் கண் வலிக்கிறது என்ற ஒரு கனவானிடம் ஒரு மாதிரித் தாளைக் கொடுத்து எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னார். கனவானும் எழுத்து எழுத்தாகக் குற்றம் கண்டு விளக்கினார். அந்தத் தாள் எல்லோரும் சௌகரியமாக வாசித்து வந்த காஸ்லன் எழுத்தின் தாள். தலைப்பை மட்டும் பிராங்க்ளின் கிழித்திருந்தார். 1760ல் பாஸ்கர்விலுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். விமர்சகர்கள் இந்தக் கதையை வருஷத்துக்கொரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இதிலிருந்து கண் வலியே பொய் என்று முடிவு கட்டவும் கூடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

போதோனி 1740ல் பீட்மான்ட் பிரதேசத்துச் சலூட்சோ என்ற ஊரில் ஒரு அச்சுக்காரரின் பிள்ளையாகப் பிறந்தார். பதினெட்டு வயதில் ரோமுக்குப் போய், மதப் பிரச்சாரத்துக்காகப் போப்பாண்டவர் நிர்வாகம் நடத்திய 'ப்ரோபகாந்தா ஃபீதே' அச்சகத்தில் கம்பாஸிட்டராகச் சேர்ந்தார். உலகத்து லிபிகளுக்கெல்லாம் எழுத்து வைத்திருந்த அச்சகம் அது. மலையாளத்தின் முதல் அச்சுப் புத்தகமும் 1772ல் ரோமில்தான் அச்சாயிற்று, போதோனி அந்த ஊரை விட்டுப் போன பிறகு. அங்கே கலைந்து குழம்பிக் கிடந்த கீழை நாட்டு எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் வேலை அவருக்கு வந்தது. தனக்குத் தெரியாத மொழிகளின் எழுத்துகளை உருவத்தை மட்டும் வைத்து இனம் பிரித்து அடுக்குவது. அவருடைய பிற்கால மனப்போக்குக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருந்திருக்க முடியாது. அர்த்தம் தெரியாதபோது எழுத்து வெறும் வடிவமாகக் கண்ணில் படுகிறது. ஒரு மொழியின் எழுத்தை அதன் வாசகன் ஒருபோதும் அப்படிப் பார்ப்பதில்லை.

அவரை ஆதரித்த அச்சக அதிகாரி தற்கொலை செய்துகொண்டபின் ரோமில் இருக்க மனமில்லாமல் 1766ல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். வழியில் சொந்த ஊரில் மலேரியாவில் படுத்தார், பயணம் நின்றது. 1768ல் பார்மாவின் சிற்றரசர் ஃபெர்டினாண்ட் ஒரு அரசாங்க அச்சகம் தொடங்கியபோது அதன் பொறுப்பு கிடைத்தது. பிறகு சாகும்வரை பார்மாதான். முதலில் பாரிஸிலிருந்து ஃபூர்னியேயின் எழுத்துகளை விலைக்கு வாங்கினார். 1771ல் வெளியிட்ட மாதிரிப் புத்தகம் ஃபூர்னியேயின் அச்சு அசலான நகல். பூவும் கொடியும் பக்கமெங்கும் படர்ந்திருக்கும். அதிலிருந்து 1788ன் முதல் 'மானுவாலே'க்கு வரும்போது பூக்கள் உதிர ஆரம்பிக்கின்றன. 1791ல் ஸ்பெயினின் தூதர் அஸாரா அவரை ரோமுக்கு இழுக்கப் பார்க்க, விட மனமில்லாத சிற்றரசர் சொந்தமாக அச்சகம் வைத்துக்கொள்ள அனுமதித்தார். அந்த வருஷத்து ஹொராஸிலும் 1793ன் வர்ஜிலிலும் அலங்காரம் அநேகமாகப் போய்விட்டது. எழுத்து, தாராளமான இடைவெளி, அகன்ற வெள்ளை ஓரம், இவை மட்டும். இருபது வருஷ வளர்ச்சி என்பது இருபது வருஷம் ஒவ்வொன்றாகக் கைவிட்டதுதான். இந்த அளவில் அவருடைய வாழ்க்கை எந்தக் கவிஞனுக்கும் பாடம்.

வேலை நடந்த விதத்தைச் சொல்லாமல் இந்த எழுத்தின் அழகைப் பற்றிப் பேசுவது வெறும் ரஸனைப் பேச்சாகிவிடும். ஒரு சிறு எஃகுச் சட்டத்தின் நுனியில் எழுத்தைத் தலைகீழ் பிம்பமாக அரத்தாலும் உளியாலும் செதுக்க வேண்டும். அவ்வப்போது அதை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் புகைக்கரி படியவைத்துத் தாளில் ஒற்றிப் பார்ப்பார்கள். சரியென்று பட்டால் எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்து இறுக்குவார்கள். அதைச் செம்பில் அடித்தால் பள்ளமான அச்சு கிடைக்கும். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த உலோகத்தைக் கை அச்சில் ஊற்றினால் எழுத்து. இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும், பெரியது, சிறியது, சாய்ந்தது, எண், நிறுத்தக்குறி ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக. இந்தக் 'ஒவ்வொரு அளவுக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். போதோனியிடம் ஒரே அளவிலேயே சற்று அகன்றது, சற்று ஒடுங்கியது, சற்றுக் கறுத்தது, சற்று வெளிறியது என்று பல இருந்தன. ஒரு வரி பக்கத்துக்குள் அடங்காவிட்டால் மற்றவர்கள் இடைவெளியைக் குறைப்பார்கள். அவர் பொருத்தமான இன்னொரு எழுத்தை எடுப்பார். பார்மாவில் 1963ல் திறந்த போதோனி மியூஸியத்துக்கு வந்து சேர்ந்த எஃகு அச்சுகள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். ஒருவகைப் பைத்தியம்தான். முகவுரையில் அவர் எழுத்தின் அழகுக்கு நான்கு குணங்களைச் சொல்கிறார்: ஒழுங்கு, துல்லியம், நல்ல ரஸனை, வசீகரம். முதல் இரண்டும் உழைப்பால் வருபவை. நாலாவதைப் பற்றிப் பேசும்போது அவருக்கும் நம் விமர்சகர்களைப் போலவே மொழி மங்கலாகிவிடுகிறது.

பாரிஸில் இதே காலத்தில் திதோ குடும்பம் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது. ஃபிர்மேன் திதோ 1784 வாக்கில் வெட்டிய எழுத்தைத்தான் இந்த 'நவீன' வகையின் முதல் முழு உருவம் என்கிறார்கள். போதோனி பாரிஸைப் பார்த்துக்கொண்டேதான் தன் செரீஃபை மெலிய வைத்தார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அண்ணன் பியேர் திதோ லூவ்ர் மாளிகையில் வைத்து அச்சிட்ட ராஸீன் நாடகங்கள் 1801ல் வர ஆரம்பித்தன. எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் மிகச் சிறந்த அச்சு வேலை அது என்று 1806ல் பாரிஸில் ஒரு நடுவர் குழு தீர்ப்பே கொடுத்தது. திதோவின் எழுத்து போதோனியைவிடக் கறாரானது, குளிர்ந்தது. போதோனியிடம் இத்தாலியனின் ஒரு சிறு தளர்ச்சி எப்போதும் உண்டு.

திதோ விஷயத்தில் என் தொழிலைச் சேர்ந்த ஒரு தகவலை விட மனம் வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சி அரசு வெளியிட்ட 'அஸீன்யா' என்ற காகிதப் பணத்துக்கு எழுத்து வெட்டியவர்களில் ஃபிர்மேன் திதோவும் ஒருவர். மயிரிழையைக் கள்ளத்தனமாகப் பிரதி செய்வது கடினம் என்பதால் நோட்டுக்கு ஏற்ற எழுத்து. எழுத்து தன் துல்லியத்தைக் காப்பாற்றியது. நோட்டு தன் மதிப்பைக் காப்பாற்றவில்லை. 1796ல் அதை அச்சிட்ட தகடுகளைப் பாரிஸின் வான்தோம் சதுக்கத்தில் ஜனங்கள் பார்க்கக் கொளுத்தினார்கள். எழுத்தின் நேர்த்தியை அது தாங்கும் வாக்கின் யோக்கியதையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பிறகும் யாரையும் விட்டதாகத் தெரியவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தினசரிக் காட்சி.

போதோனியின் மீதான நிஜமான குற்றச்சாட்டு இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் பூர்போன் சிற்றரசருக்கு அச்சிட்டார். ஸ்பெயினின் அரசர் அவரைத் தன் அச்சுக்காரர் என்று கௌரவித்தார். நெப்போலியன் வந்தான், 1808ன் மூன்று வால்யூம் கிரேக்க இலியாத் அவனுக்குச் சமர்ப்பணம். 1805ல் பார்மா வழியாகப் போன போப் ஏழாம் பயஸ், பாரிஸில் ஒரே ஜெபத்தை 150 மொழிகளில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று சொல்ல, அடுத்த வருஷமே போதோனி 155 மொழிகளில் அதை அச்சிட்டுக் காட்டினார். ஜெபத்தின் பொருட்டா, ஐந்தின் பொருட்டா? யார் ஆண்டாலும் பக்கம் ஒன்றுதான்; அதே விறைப்பு, அதே வெள்ளை வெளி. பாடத் திருத்தத்திலும் அவர் கெட்டிக்காரரல்ல. பாரிஸில் திதோக்கள் அவர் பதிப்புகளின் பிழைகளைச் சுட்டத் தவறவில்லை. லண்டன் புத்தக வியாபாரி ஒருவருக்காக வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை'யைப் பார்மாவில் அச்சிட்டபோது, ஆங்கிலம் புழங்காத ஊரில் ஆங்கிலப் புத்தகம் கோக்கப்பட்டது. பழைய ரோமானிய அச்சகத்துப் பையன் அர்த்தம் தெரியாத எழுத்துகளை அடுக்கியது ஞாபகம் வருகிறது. அவருடைய புத்தகங்களை வாங்கியவர்கள் ஹொராஸை வேறு பதிப்பில் ஏற்கெனவே படித்தவர்கள், அல்லது படிக்கப் போகாதவர்கள். இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் கிடையாது. பிராங்க்ளின் 1787ல் பிலடெல்பியாவிலிருந்து அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதியபோதுகூட, பாராட்டு ஒரு எழுத்து மாதிரிப் புத்தகத்துக்குத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்த எழுத்தைத் தெருவுக்கு இழுத்து வந்தது. லண்டனில் ராபர்ட் தார்ன் போன்றவர்கள் தூண்களை இன்னும் ஊதவைத்து, மயிரிழையை அப்படியே விட்டு, லாட்டரி நோட்டீசுக்கும் ஏல அறிவிப்புக்கும் கொழுத்த எழுத்துகளை வார்த்தார்கள். புத்தகத்திலும் இதே வகைதான், ஆனால் மரக்கூழ்த் தாளில், நீர்த்த மையில், தேய்ந்த எழுத்தில். கிராஞானின் மயிரிழைக்கு ராஜாவின் கஜானாவும் பாஸ்கர்விலின் மயிரிழைக்கு அரக்குத் தட்டு லாபமும் இருந்தன. மலிவுப் பதிப்பின் மயிரிழைக்கு ஒன்றுமில்லை. அது உடைந்தது. மயிரிழை உடைந்தால் இந்த எழுத்தில் மிஞ்சுவது வேலிக்கழிகள் மட்டுமே. 'எம்', 'என்', 'யு', 'ஐ' எல்லாம் ஒரே தூண்களின் வரிசை. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் இணைப்பு முழுவதும் மயிரிழையில்தான் இருக்கிறது. அது மங்கினால் கண் ஒவ்வொரு சொல்லிலும் கழிகளை எண்ண வேண்டியிருக்கிறது. லண்டன் கனவானின் கண் வலி கற்பனை. இந்தக் கண் வலி நிஜம்.

வில்லியம் மாரிஸ் இதைச் சகிக்காமல்தான் 1891ல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி ஜென்சனிடம் திரும்பிப் போனார். 1893ல் லட்சியப் புத்தகத்தைப் பற்றிய உரையில் போதோனியின் எழுத்தை, வெட்டப்பட்டவற்றிலேயே வாசிக்க மிகவும் லாயக்கற்றது என்ற தோரணையில் திட்டுகிறார். மாரிஸ் சோஷலிஸ்ட், உழைப்பவனின் கை எழுத்தில் தெரிய வேண்டும் என்ற அவர் வாதத்தின் பின்னாலுள்ள நியாயம் பெரியது. ஆனால் அவருடைய சாஸர் பதிப்பை எந்தத் தொழிலாளி வாங்கினான்? போதோனியின் ஹொராஸ் போலவே அதுவும் சீமான்களின் அலமாரிக்குத்தான் போயிற்று. வாசகனை முன்னிறுத்திப் பேசியவர் வாசகனுக்குக் கொடுத்தது மையடைத்த கறுப்புப் பக்கம். அதில் மூச்சுவிட இடமில்லை. போதோனி வாசகனைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் காற்று இருக்கிறது.

அந்தக் காற்றின் கவிதை மதிப்பைக் கண்டவர் மல்லார்மே. 'பகடையின் ஒரு வீச்சு' என்ற அவருடைய கடைசிப் பெரும் கவிதை 1897 மே மாதம் 'காஸ்மோபொலிஸ்' பத்திரிகையில் முதலில் வந்தது. அங்கே ஒற்றைப் பக்க அளவுக்குள் அதை அடக்க வேண்டியிருந்தது. அவர் விரும்பியது வேறு: விரித்த இரண்டு பக்கங்களும் சேர்ந்து ஒரே வெளி, அதில் பல அளவு எழுத்துகள், சிதறிய வரிகள், நடுவே வெள்ளை. வொலார் என்ற கலை வியாபாரியின் ஏற்பாட்டில், ரெதோனின் சித்திரங்களோடு, ஃபிர்மேன் திதோ அச்சகத்தில் அது கோக்கப்பட்டது. மல்லார்மே ப்ரூஃப் மேல் ப்ரூஃபாகத் திருத்தினார். 1898ல் இறந்துபோனார், பதிப்பு வரவில்லை. 1914ல் வந்த புத்தகம் அளவிலும் குறைந்தது, எழுத்தும் திதோ அல்ல; பழைய பாணியில் கையின் சாயலுள்ள, இணக்கமான வேறு எழுத்து. உலகம் அறுபது வருஷத்துக்கு மேல் அந்தக் கவிதையை அந்த உடுப்பில்தான் படித்தது. 1980ல் மித்ஸூ ரோனா ப்ரூஃப்களைக் கொண்டு அதைத் திதோ எழுத்திலேயே முழு அளவில் கொண்டுவந்தார்.

எழுத்து மாறினால் கவிதை மாறுமா என்று கேட்கலாம். இந்த ஒரு கவிதையில் மாறுகிறது என்றே சொல்வேன். கையின் சாய்வுள்ள எழுத்து வாசகனைக் கைபிடித்து அடுத்த எழுத்துக்கு அழைத்துப் போகிறது, வரி ஓடுகிறது. திதோவின் எழுத்து ஓடுவதில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கிறது. ஒவ்வொரு சொல்லும் வெள்ளையின் எதிரில் நிறுத்தப்பட்டிருக்கிறது. தூண் கறுக்க, மயிரிழை வெள்ளைக்குள் கரையும் நிலையில் நிற்கிறது. சொல்லுக்கும் சொல்லின்மைக்கும் நடுவே நடக்கும் கவிதைக்கு இதைவிட வேறு எழுத்து இருந்திருக்க முடியாது. அரசரின் கமிட்டி கையை விரட்டியபோது ஒரு வெற்றிடம் பிறந்தது. இருநூறு வருஷத்துக்குப் பின் ஒரு பள்ளிக்கூட இங்கிலீஷ் வாத்தியார் அதில் குடியேறினார். போதோனிக்குச் சாட்சியாக நான் கூப்பிடக்கூடிய கவிஞர் இவர் ஒருவர்தான். போதும் என்று நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் கதை வேகமாகப் போகிறது. அமெரிக்காவில் மாரிஸ் புல்லர் பென்டன் 1909ஐ ஒட்டி போதோனியை இயந்திர யுகத்துக்காகத் திரும்ப வரைந்தார். ஹான்ஸ் மார்டர்ஸ்டைக் 1922ல் ஸ்விட்ஸர்லாந்தில் 'ஒஃபிசீனா போதோனி' என்ற கை அச்சகத்தைத் தொடங்கி, பார்மாவின் அசல் அச்சுகளிலிருந்து எழுத்து வார்க்க இத்தாலிய அரசிடம் அனுமதி பெற்றார். அந்த அச்சகம் பின்னர் வெரோனாவுக்கு வந்து அச்சிட்ட பெரிய வேலை தன்னுன்ஸியோவின் முழுத் தொகுப்பு. முஸோலினியின் அரசு முன்நின்று நடத்திய திட்டம். ஆண்டவர்களுக்கு இந்த எழுத்தின் மேலுள்ள பிரியம் தீர்ந்தபாடில்லை. 1934லிருந்து நியூயார்க்கில் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' பத்திரிகையின் பக்கங்களை அமைத்த அலெக்ஸி ப்ரோடோவிச், போதோனியின் வெள்ளை வெளியைப் போட்டோவோடு சேர்த்தார். ருஷ்யாவிலிருந்து பாரிஸ் வழியாக வந்த அகதி அவர். பார்மா சீமான்களின் இடத்தில் பாரிஸ் கவுன்கள் வந்தன. இன்று 'போதோனி' என்றால் கண்முன் வரும் குளிர்ந்த, தீண்ட முடியாத நேர்த்தி அதிகமும் இந்தப் பத்திரிகைப் பக்கங்கள் உண்டாக்கியது.

அதற்கு இயந்திரமும் ஒத்தாசை செய்தது. ஒரே வரைபடத்திலிருந்து எல்லா அளவுகளையும் பெருக்கியும் குறுக்கியும் எடுத்துக்கொள்ளும் வசதி பென்டனின் தகப்பனார் கண்டுபிடித்த இயந்திரத்தோடு தொடங்கி, போட்டோ முறை வந்தபின் பூரணமாயிற்று. ஒவ்வொரு அளவுக்கும் தனி எஃகு தேவையில்லாமல் போயிற்று. பெரிய தலைப்புக்கு வரைந்த மயிரிழையைப் பொடி எழுத்துக்குக் குறுக்கினால் அது கண்ணுக்கே தெரியாது. மற்றொன்றும் உண்டு. கை அச்சில் ஈரத் தாளின் மேல் எழுத்து அழுந்தும்போது மை சற்றுப் பிதுங்கும். தாளில் விழுந்த கோடு உலோகத்தில் இருந்ததைவிடக் கனமாக இருக்கும். வெட்டுகிறவன் அதைக் கணக்கில் வைத்தே வெட்டுவான். ஆப்செட்டிலும் கம்ப்யூட்டர் திரையிலும் அந்தப் பிதுக்கம் இல்லை. ஆக உலோகத்தில் இருந்த மெலிவு அப்படியே, போதோனி ஒருநாளும் தாளில் பார்த்திராத மெலிவாக, நம் கண்ணுக்கு வருகிறது.

1991ல் அமெரிக்காவிலிருந்து ஸம்னர் ஸ்டோன் முதலான எழுத்து வடிவமைப்பாளர்கள் சிலர் பார்மா மியூஸியத்துக்குப் போய் அசல் எஃகு அச்சுகளையும் 1818ன் 'மானுவாலே'யையும் நேரில் ஆராய்ந்தார்கள். 1994ல் ஐடிஸி நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய போதோனி மூன்று தனித்தனி வரைபடங்களாக வந்தது: 6 பாயிண்ட், 12 பாயிண்ட், 72 பாயிண்ட் அளவுகளுக்கு. 72ல் நாம் அறிந்த ஒய்யாரம் இருக்கிறது, ஆனாலும் செரீஃபின் அடி லேசாக உட்குழிந்து, முனைகள் சற்று மழுங்கி, கையின் அரம் பட்ட இடம் தெரிகிறது. 6 பாயிண்ட் எழுத்தைப் பார்த்தால் அது போதோனி என்று ஃபாஷன் பத்திரிகைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். மயிரிழை மயிரிழையாக இல்லை. குறுக்குக் கோடுகள் கனத்திருக்கின்றன, எழுத்து அகன்றிருக்கிறது, எழுத்துகளுக்கிடையே இடம் கூடியிருக்கிறது. பார்மாவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் வெட்டிய பொடி எழுத்துகள் அப்படித்தான் இருந்தன.